புள்ளி நான்கு

வாஷிங்டனிலிருந்து பணம் வந்த மார்ச்சில்
ஆல்டர் ஃபோர்க்கில் பனி முழுதாகக் கரையவில்லை.
உப்புத் தின்ற சாலைகள்
பல் போன வாயாகக் கிடந்தன.
பதினோரு லட்சத்து நாற்பதாயிரம் டாலர்.
நகரமன்ற அறையில் யாரோ கைதட்டினார்கள்.
பொறியாளர் பெட்ரா நூட்சன் மட்டும்
பென்சிலால் காதைச் சொறிந்துகொண்டே
"ஒரு பாலத்துக்குக்கூடக் காணாது" என்றாள்.

நூற்றிருபது நாளுக்குள்
மண்வெட்டி மண்ணில் இறங்கியாக வேண்டும்.
எது தேவை என்று எவரும் கேட்கவில்லை.
எதற்கு வரைபடம் தயார் என்று கேட்டார்கள்.

கெர்பர் தெருவின் ஈயக் குழாய்களுக்கு வரைபடம் இல்லை.
1911இல் அவற்றைப் புதைத்தவர்கள்
எங்கே புதைத்தோம் என்பதையும்
சேர்த்தே புதைத்துவிட்டார்கள்.
வரைபடம் இருந்தது நடைபாதைச் சரிவுகளுக்கு:
சக்கர நாற்காலி ஏறி இறங்க
நூற்று எண்பத்தாறு தெருமுனைகள்.
எட்டு வருடம் அலமாரியில் தூங்கிய காகிதம்
தூசி தட்டிக்கொண்டு வேலைக்குப் போனது.

நான் மானியக் கணக்கு எழுதுபவள்.
காலாண்டுக்கு ஒரு படிவம்.
அதில் ஒரு கட்டம்: உருவான வேலைகள்.
உழைத்த மணிகளைக் கூட்டி
ஐந்நூற்றிருபதால் வகுக்கச் சொன்னது குறிப்பு.
வகுத்தேன்.
ஆறு புள்ளி நான்கு.

ஆறு பேர் சரி.
அந்தப் புள்ளி நான்கு யார்?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேடிப் போனேன்.
ஹேன்ஸ்லி தெருவும் ஏழாம் தெருவும் முட்டும் இடத்தில்
ஒரு கம்பு, அதன் உச்சியில் பலகை.
இந்தப் பக்கம் நில். அந்தப் பக்கம் மெல்ல.
பிடித்திருந்தவர் வெர்ன் கச்மாரிக்.
லாரி அச்சுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம்,
அது மூடிய பிறகு சோபாவில் பதினான்கு மாதம்,
இப்போது செவ்வாயும் புதனும் இங்கே.
மற்ற நாட்களில் பலகை
ஒப்பந்தக்காரரின் மச்சான் கையில்.
மச்சானும் ஓட்டுவார், கலப்பார், அளப்பார்:
அவர் முழு எண்.

"நீங்கள்தான் என் புள்ளி நான்கு" என்றேன்.
பலகையைத் திருப்பி ஒரு பால் வண்டியை அனுப்பிவிட்டு
வெர்ன் தன்னைக் குனிந்து பார்த்தார்.
"கீழேயிருந்து அளந்தால் தொடை வரைக்கும் வருமா?
அப்படியானால் சரிதான்.
நாள் முழுக்க நிற்பது அதுதானே."

ஜூனில் ரிப்பன் வெட்ட
பெரும்புள்ளிகள் வந்தார்கள்.
உங்கள் வரிப்பணம் உழைக்கிறது என்று
ஓர் அறிவிப்புப் பலகை நட்டார்கள்.
அதன் விலை
வெர்னுக்கு ஐந்து வாரக் கூலி.
அன்று வியாழக்கிழமை. அவர் அங்கே இல்லை.

கெர்பர் தெரு முனையை உடைத்த அன்று
கடப்பாரை எதையோ தட்டி மந்தமாக ஒலித்தது.
சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டு,
பூண்டுப் பல் போல வீங்கி.
எல்லோரும் குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.
வெர்ன் இரு பக்கமும் வண்டிகளை நிறுத்தியே வைத்திருந்தார்,
ஒருவன் ஹார்ன் அடித்தான்,
அவர் திரும்பிப் பார்க்கவில்லை.
பெட்ரா மண்டியிட்டாள். அளந்தாள்.
உள்ளங்கையில் இரண்டு எண்களை எழுதிக்கொண்டாள்.

குழாய் திட்டத்தில் இல்லை.
திட்டத்தில் இல்லாததைத் தொட்டால்
பணம் திரும்பிப் போகும்.
மூன்று மணிக்குள் மூடினார்கள்.
மேலே சரிவு, கான்கிரீட், காலுக்குத் தட்டுப்படும் மஞ்சள் புள்ளிகள்.
மறுநாள் ஒரு பெண்
சலவைத் துணி வண்டியை இழுத்தபடி
அதன் மேல் நிற்காமல் ஏறிப் போனாள்.
பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அலுவலகச் சுவரில் இப்போது
கெர்பர் தெருவுக்கு ஒரு வெள்ளைக் காகிதம்.
அதில் நீலப் பென்சிலில்
ஓர் அங்குலக் கோடு.

செப்டம்பர் படிவத்தில்
வேலைகள்: ஆறு.
குறிப்புகள் என்ற கட்டம் காலியாகவே இருந்தது,
இருநூற்றைம்பது எழுத்துகளுக்கு இடம்.
யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதினேன்:
செவ்வாய், புதன். வெர்ன் கச்மாரிக்.
நில். மெல்ல.

இரண்டு நாளில் பதில் வந்தது.
படிவம் ஏற்கப்பட்டது,
பிழைகள் ஏதும் இல்லை.